சமையல் மேடைக்குப் படிக்கட்டுக் கல்

"ஊரே மிதிச்ச கல்லு மேல ரொட்டி மாவு பிசையறதா?"

மாமியார் ஹோசியத் கேட்டதும், கல் வேலைக்காரர் உஸ்தா கிலிச் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

முற்றத்துத் திராட்சைப் பந்தலின் கீழ் இரண்டு பளிங்குப் பலகைகள். சமர்கந்தின் பழைய ஆசிரியர் கல்லூரியை இடித்தபோது கழற்றிய படிக்கட்டு.

புதுச் சமையலறைக்கு அடுப்பிலிருந்து அலமாரி வரை ஹோசியத்தின் தேர்வுதான். மருமகள் மொஹிரா வாயே திறக்கவில்லை. மேடைக்கு மட்டும் இந்தக் கல் வேண்டும் என்றாள். மூன்று வருஷம் அவள் ஏறி இறங்கிய படி அது. நான்காம் வருஷம் கல்யாணம் வந்தது, படிப்பு நின்றது. இந்த வீட்டில் அவள் கேட்ட முதல் பொருள் இதுதான்.

உஸ்தா தலையைச் சொறிந்துகொண்டு ஒரு வழி சொன்னார். கல்லைப் புரட்டிப் போட்டால் அடிப்பக்கம் மேலே வரும், அதில் யார் காலும் பட்டதில்லை.

"ரொட்டியையே குப்புற வைக்காத வீடு இது. கல்லைக் குப்புறப் போடச் சொல்றீங்களா உஸ்தா?"

ஹோசியத் இப்படி மடக்கவே, உஸ்தா பையைத் தோளில் மாட்டினார்.

கணவன் தோலிப் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

படிப்பும் போனது, கல்லுமா போக வேண்டும்? மொஹிரா வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்தாள். தரையில் முட்டி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். அழுக்கு போனால் மனசு மாறாதா என்ற நப்பாசை. கல் பளிச்சென்று வந்தது. ஓரத்தில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை மட்டும் அசையவில்லை. விடாமல் தேய்த்தாள்.

ஹோசியத் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளேயும் போகவில்லை, திட்டவுமில்லை.

"விடு பொண்ணே. அது போகாது. துருப்பிடிச்ச வாளி வச்ச தடம்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் அம்மா?"

"நான் வச்ச வாளி."

தோலிப் சட்டென்று நிமிர்ந்தான். பெண் கேட்டு வந்த அன்று, அம்மா கல்லூரி அலுவலகத்தில் பெரிய வேலை பார்த்தவர் என்று அவன்தான் சொல்லியிருந்தான்.

"அந்தக் காலேஜ் படியில பதினோரு வருஷம், இப்ப நீ உக்காந்திருக்கியே, அதே மாதிரி உக்காந்து தேச்சேன்" என்றாள் ஹோசியத். "ரொட்டி கிட்டின்னதெல்லாம் சும்மா சாக்கு. தினமும் காலையில அந்தக் கறை மூஞ்சில முழிக்கணுமேன்னுதான்."

மொஹிரா துணியைக் கீழே வைத்தாள்.

"இந்தக் கல்லு வேண்டாம் அம்மா. வேற பாத்துக்கலாம்."

ஹோசியத் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். முட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"போடுங்க உஸ்தா. புரட்டாம, கறை மேல தெரியற மாதிரியே போடுங்க."

பிறகு ஈரத் துணியை எடுத்து மகன் மடியில் போட்டாள்.

"நீ படிச்சு ஆளானது இந்தக் கல்லைத் தேச்ச கூலியிலதான். இனிமே தினமும் துடைக்கிறது உன் வேலை."