கழலாத சக்கு

பதினேழாவது சுத்தியல் அடிக்குச் சகலை சட்டையைக் கழற்றினார்.

நாற்பதாவது அடிக்கு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

நூறாவது அடிக்கு மருதமலை அரை அடி மேற்கே நகர்ந்தது. பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சக்கு மட்டும் நகரவில்லை.

எதிரே ஸ்டூலில் பெரிய மாப்பிள்ளை உட்கார்ந்து டிரில்லிங் மிஷினின் தலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. முந்நூறு கிலோ இரும்பு எங்கே ஓடிவிடப் போகிறது? சகலையின் முதுகைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை வேண்டியிருந்தது.

அந்த முதுகில் நான்கு வலி பிளாஸ்டர்கள். நேற்று இரண்டுதான் இருந்தன.

அக்காவைக் கட்டியவர் இவர். தங்கையைக் கட்டியவர் சகலை. இருபத்திரண்டு வருடமாகக் கணபதி ஏரியாவில் ஒரே ஷெட், ஒரே மிஷின். ரேடியோவை யார் சத்தமாக வைத்தது என்கிற உலகப் பிரச்சினையில் இப்போது பிரிகிறார்கள். அக்காவும் தங்கையும் என்னவோ இன்றைக்கும் ஒரே முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமனார் பாகம் பிரித்தது இரண்டே வரியில்.

மிஷின் சின்ன மாப்பிள்ளைக்கு. துளை போடுகிற பிட்டைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சக்கு பெரிய மாப்பிள்ளை வாங்கிப் போட்டது. அதைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் மிஷினை வண்டியில் ஏற்ற வேண்டும்.

ஆயிற்று மூன்று நாள். சகலை டீசல் ஊற்றி ஊறவைத்தார். தரைதான் ஊறியது. மிஷினின் கழுத்துத் துளையில் ஆப்பைச் செருகி அடித்தார். ஆப்பு வளைந்தது. வேறு ஆப்பு கொண்டுவந்தார். அது இன்னும் அழகாக வளைந்தது.

"ஏனுங் சகலை, உள்ளுக்குள்ள ஆரோ உக்காந்துட்டு இழுத்துப் புடிக்கறாப்பல இருக்குதுங்."

அவர் மிஷினின் தலையை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சகலை அன்னூரில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தார். இவர் தனியாக வந்து ஷெட்டைத் திறந்தார். ஆப்பைச் செருகினார். ஒரே தட்டு. பழுத்த கொய்யா மாதிரி சக்கு, அதை மிஷினில் மாட்டுகிற தண்டோடு கையில் விழுந்தது.

இரண்டு டியூப் பசை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். தீக்குச்சியால் குழப்பினார். தண்டின் மேல் நுனியில் பூசினார். திரும்பவும் மிஷினுக்குள் ஏற்றி, கதவைப் பூட்டிக்கொண்டு, திருடன் மாதிரி சந்து வழியாக வீட்டுக்குப் போனார்.

சக்கு கழலாவிட்டால் மிஷின் போகாது. மிஷின் போகாவிட்டால் சகலை போகமாட்டார்.

போகாதீங்க என்று வாயால் சொல்ல அவருக்கு ஏழு ஜென்மம் போதாது. பசைக்கு அரை மணி நேரம் போதும்.

நூற்றுப் பன்னிரண்டாவது அடி வழுக்கியது.

சத்தமே இல்லை. சகலை சுத்தியலை மெல்லக் கீழே வைத்தார். இடது கட்டைவிரலை வாய்க்குள் வைத்துக்கொண்டார். வெளியே எடுத்தபோது அது கத்தரிக்காய் நிறத்தில், கத்தரிக்காய் அளவில் இருந்தது.

"உடுங்க சகலை, போதும்."

"அதெப்புடிங்? உங்க பொருளுங். உங்க கையில குடுத்துப்போட்டுத்தான் மத்ததெல்லாம்."

சகலை மறுபடியும் சுத்தியலுக்குக் குனிந்தார். நான்கு பிளாஸ்டர்களும் அவரைப் பார்த்தன.

அவர் எழுந்தார்.

கேஸ் பர்னரைப் பற்றவைத்தார். மிஷினின் கழுத்தில் நீலச் சுடரைக் காட்டினார். சூடு கண்டால் அந்தப் பசை இளகிவிடும். இளகும்போது நாறும். இரண்டும் தெரிந்துதான் காட்டினார்.

நாறியது. கருகிய மீனும் நகப்பாலிஷும் கலந்த நாற்றம். திருப்பூரில் ஒருவர் தும்மியிருப்பார்.

ஆப்பில் ஒரு தட்டு.

தொப்.

கீழே விரித்திருந்த சாக்கின் மேல் சக்கு தண்டோடு கிடந்தது. தண்டின் நுனியில் மஞ்சளாகப் புகைந்தது. இனி மறைக்க ஒன்றும் இல்லை. பர்னரை அணைத்தார்.

"நாந்தானுங். ஞாயித்துக்கெழம."

சகலை கத்துவார் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அந்தச் சுத்தியலை எடுத்துத் தலையில் ஒன்று போட்டிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

சகலை கத்தவில்லை. ஆச்சரியப்படவும் இல்லை. கூரைத் தகடுகளை எண்ணுகிற மாதிரி அண்ணாந்து நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

மிச்ச வேலையையாவது தன் கையால் முடித்துக் கொடுக்கலாம் என்று அவர் சக்கை ஈரச் சாக்கால் பிடித்து எடுத்தார். சக்கிலிருந்து தண்டைப் பிரிக்க வேண்டும். தண்டு மிஷினோடு வந்தது, சகலைக்குச் சேர வேண்டியது. அதொன்றும் பெரிய வேலை இல்லை. இருபுறமும் ஆப்பு வைத்து ஒரு தட்டுத் தட்டினால் தனியாக வந்துவிடும்.

தட்டினார்.

வரவில்லை.

இன்னும் பலமாகத் தட்டினார்.

கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார். தண்டு சக்குக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றி, தேன் நிறத்தில், மெல்லிசாக ஒரு பசைக் கோடு.

அவர் பூசியது மேல் நுனியில் மட்டும்.

நிமிர்ந்தார். சகலை இன்னும் கூரையைத்தான் எண்ணிக்கொண்டிருந்தார்.

பர்னரை எடுக்கக் கை நீட்டினார். அதற்குள் சகலையின் கை அதன் மேல் இருந்தது.

"எதுக்குங் சும்மா, கேஸ் வீணாப் போகுது."