அந்தப் பள்ளத்துலேயே விடு

“மறுபடியும் அந்தப் பள்ளத்துலேயே விடு,” என்றார் முதலாளி.

ஒரு தடவை விட்டதற்கே டிரைவருக்கு இடுப்பில் கடப்பாறையால் குத்தின மாதிரி இருந்தது.

“புதுக் காருங்கய்யா...”

“நம்ம காரா இது? ஓட்டிப் பார்க்கக் குடுத்த வண்டிதானே. விடுய்யா.”

விட்டார். டங்!

பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைத்தார். சட்டைக்குள்ளே இடுப்புப் பெல்ட். பழைய கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் மாத்திரை அட்டை. நாலு மாசமாக இந்தத் திருட்டுத்தனம் நடக்கிறது. தெரிந்தால் அவ்வளவுதான். முதுகு போன டிரைவரை எந்த முதலாளி வைத்துக்கொள்வார்? பதினெட்டு வருஷ வேலை. மகளுக்கு நர்சிங் முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கி.

பின்சீட்டில் இருந்த ஷோரூம்காரர் தொண்டையைக் கனைத்தார். “சார், நீங்க இங்க பின்னாடி உக்காந்து பார்த்தாதான் சொகுசு தெரியும். முன்சீட்ல இருந்தா...”

“எனக்கு இங்கயே நல்லாத் தெரியுது.”

இதுவும் புதுசு. முதலாளி முன்சீட்டில் உட்கார்ந்து டிரைவர் பார்த்ததே இல்லை.

மூன்றாவது தடவைக்கு வண்டியைத் திருப்பினார். “போதும் போதும், வேணாம்!” என்று கத்தினார் முதலாளி. “இது சாதா ஸ்பிரிங்குதானே? அந்தக் காத்துப் பை வெச்ச வண்டியை எடுங்க.”

ஷோரூமுக்குப் போய் வண்டி மாற்றினார்கள். இறங்கினதும் டிரைவர் கதவைப் பிடித்தபடி குனிந்து டயரைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர முடியவில்லை என்று யாருக்குத் தெரியப் போகிறது?

அடுத்தது அதே மாடல், அதே கலர். காத்துப் பை வைத்த அந்த ஏர் சஸ்பென்ஷனுக்கு மட்டும் கூடுதலாக ஒரு குட்டிக் காரின் விலை.

மறுபடியும் அதே ரோடு. பள்ளம் வருவதற்கு முன்பே டிரைவர் இடுப்பை இறுக்கிக்கொண்டார்.

ஒன்றும் ஆகவில்லை. பள்ளம் வந்ததா, போனதா?

“இன்னொரு தடவை,” என்றார் முதலாளி.

இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. ஆறு தடவை ஆயிற்று. நடுவில் யாராவது வந்து பள்ளத்தை மூடிவிட்டார்களா என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். பள்ளம் அங்கேயேதான் இருந்தது.

“ஓரமா நிறுத்து. உண்மையைச் சொல்லு, எது தேவலை?”

இதுதான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொல்லி, ‘ஏன், முதுகு வலிக்குதா?’ என்று கேட்டுவிட்டால்?

“ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா. எதுக்கு வெட்டிச் செலவு? பை என்னைக்காவது கிழிஞ்சு காத்து இறங்கிடும். காலையில வந்து பார்த்தா வண்டி ஒரு பக்கமா படுத்துக் கெடக்கும். ஸ்பிரிங்குன்னா அந்தத் தொந்தரவே இல்லை.”

“அண்ணே, என் பொழப்புல மண்ணைப் போடாதீங்க,” என்றார் ஷோரூம்காரர்.

முதலாளி சிரிக்கவில்லை. “அப்போ உனக்கு வித்தியாசமே தெரியலை?”

“தெரியலைங்கய்யா.”

முதலாளி அவரையே ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் பின்னால் திரும்பினார். “ஏர் சஸ்பென்ஷனே போட்டுடுங்க.”

டிரைவருக்குச் சுருக்கென்றது. அப்புறம் எதுக்கு நம்மளைக் கேக்கணும்? காசு இருக்கிறவங்களுக்கு உட்கார்ற இடம் நோகக் கூடாது. அதைப் பார்க்கறதுக்கு அடுத்தவன் இடுப்பு ஒடிஞ்சாலும் பரவாயில்லை. பதினெட்டு வருஷமா இந்த மனுஷனுக்கா வண்டி ஓட்டினோம்?

ஷோரூம்காரருக்கு வாயெல்லாம் பல். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. “பின்சீட்ல ஒரு தடவைகூட உக்காராமயே முடிவு பண்ணிட்டீங்களே சார்?”

“பின்சீட்டுல என்ன இருக்கு? நானா ஓட்டப் போறேன்?”

அப்போது கார் முழுக்க மணி அடித்தது. கிளம்பும்போது ஷோரூம்காரர், “இதுவும் இருக்கு சார்” என்று முதலாளியின் போனைக் காரோடு இணைத்து வைத்திருந்தார். முதலாளி பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்தார். அவர் மனைவியின் குரல் நாலு ஸ்பீக்கரிலும் கேட்டது.

“என்னங்க, டிரைவர்கிட்ட பேசிட்டீங்களா?”

முதலாளி அவசரமாகப் போனைத் தட்டினார். குரல் நிற்கவில்லை. காரில் அதை நிறுத்தும் பட்டனைத் தேடினார்.

“வண்டியை விட்டு இறங்க அந்த மனுஷன் படற பாட்டைப் பார்த்துட்டு வந்து, ராத்திரியெல்லாம் தூங்காமப் பொலம்பறது நீங்கதானே? டயரைப் பார்க்கற மாதிரி நடிக்கறாருன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போறீங்க.”

ஷோரூம்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். டிரைவரின் கை ஸ்டியரிங்கிலேயே ஒட்டிக்கொண்டது.

“கையில ஏதாவது குடுத்து, நாளையிலேர்ந்து வரவேணாம்னு இன்னைக்கே சொல்லிடுங்கன்னு காலையில படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. சொன்னீங்களா, இல்லையா?”

முதலாளி பட்டனைத் தேடுவதை விட்டுவிட்டார்.

“சொல்லலை,” என்றார்.