மூன்று வீட்டு வஞ்சிரம்

ஊர் உரக்குழியில் வந்து விழுந்த வஞ்சிர மீன் முள், "இனியாவது என்னை மட்க விடு" என்றது.

"அவ்வளவு அலுப்பா?" என்றது மண்புழு.

"குப்பை வண்டி வரும்வரை வாளிகள் வாசலில்தானே இருக்கின்றன! காலையில் முதல் வீட்டு வாளியில் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தேன். 'என்னக்கா, வஞ்சிரமா? நடக்கட்டும், நடக்கட்டும்!' என்று தெருவே எட்டிப் பார்த்தது. மதியம் பக்கத்து வீட்டுக்காரி என்னை நைசாக எடுத்துத் தன் வாளியில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் எதிர்வீட்டு வாளி."

"மீன் வாங்கியது முதல் வீடுதானே?"

"அவர்கள் என்னை டவுன் ஓட்டலுக்குப் பின்னாலிருந்து பொறுக்கி வந்தார்கள்."

"அப்படியானால் இந்த ஊரில் உன்னை ருசி பார்த்தது யார்?"

"இதுவரை யாருமில்லை."

மண்புழு மரியாதையாக வாய் வைத்தது.