மாடி வகுப்பு

வெள்ளி, ஜூன் 14. இன்று ஒரு சின்னத் தப்பு நடந்துவிட்டது. ஐந்தாவது கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டேன்.

டைரியில் இதை எழுதிவிட்டுப் பேனா மூடியைக் கடித்தாள் கப்சிப். ஐந்தாவது ஒன்றுதானா? பதினொன்றாவதில் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டி வைத்தோமே, அது எப்படியாவது சரியாக வந்து தொலைத்திருக்குமோ?

"கணக்குப் பரீட்சை எப்படிடி?" துணி மடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

"போச்சும்மா."

"போனாப் போகட்டும் விடு. புது ஸ்கூலு. போகப் போகச் சரியாயிடும்."

சரியாகிவிடக் கூடாதே என்பதுதான் அவள் கவலை.

கப்சிப் என்பது ஆரம்பப் பள்ளியில் வைத்த பட்டப்பெயர். வீட்டில் நன்றாகத்தான் பேசுவாள். வெளியாள் யாராவது முகத்தைப் பார்த்துவிட்டால் முதல் எழுத்திலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும், அப்புறம் லேசில் கழன்று வராது.

அவளுக்குப் பக்கத்து இடம் எப்போதும் தோழி ரேடியோவுக்கு. தூக்கத்தில்கூட வாய் மூடாதவள். வீட்டுக்கு வெளியே கப்சிப்பின் நாக்கு மாட்டாதது அவளிடம் மட்டும்தான். கப்சிப்புக்கும் சேர்த்து "உள்ளேன் டீச்சர்" சொல்வதும் அவள்தான், தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பதும் அவள்தான். பதிலுக்கு, கணக்குப் பாடம் வந்தால் ரேடியோவின் முழங்கை இடிக்கும். கப்சிப் தன் நோட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பாள். ஐந்தாம் வகுப்பு வரை இப்படியே வண்டி ஓடியது.

ஆறாம் வகுப்பின் முதல் கணக்குப் பாடத்திலேயே அச்சாணி கழன்றது.

"இங்க விடையை எழுதிட்டு கம்முனு உக்காந்துட முடியாது," என்றார் கணக்கு சார். "எழுந்து நின்னு, எப்படி வந்துச்சுன்னு வாயால சொல்லணும். வெள்ளிக்கிழமை ஒரு பரீட்சை. பாதிக்கு மேல வாங்குறவங்க கணக்குக்கு மட்டும் மாடி வகுப்பு. மத்தவங்க கீழயே."

ரேடியோ கீழேதான், அதில் சந்தேகமே இல்லை. பன்னிரண்டும் எட்டும் எவ்வளவு என்று கேட்டால், "வெளியே மழை வர்ற மாதிரி இல்ல?" என்பவள். மாடியில், முன்பின் தெரியாத முகங்களுக்கு நடுவில் தான் மட்டும் எழுந்து நிற்பதைக் கப்சிப் நினைத்துப் பார்த்தாள்.

அன்றே முடிவு செய்துவிட்டாள். கோட்டை விட வேண்டியதுதான். ரேடியோவிடம்கூட மூச்சு விடவில்லை. அவளிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்க ஒலிபரப்பாகிவிடும்.

ஆனால் பரீட்சையில் தெரிந்த கணக்கைத் தப்பாகப் போடுவது அவ்வளவு சுலபமாக இல்லை. கை தன் பாட்டுக்குச் சரியாக எழுதியது. அவள் அழித்தாள். மறுபடியும் சரியாக எழுதியது. தாளில் ஓட்டை விழும் வரை அழித்தாள். அந்த அவசரத்தில்தான் ஐந்தாவது கணக்கு தப்பித்துப் போனது.

ரேடியோவின் முழங்கை அன்றைக்கு ஒரு தரம்கூட இடிக்கவில்லை. தாள்மேல் கவிழ்ந்து கிடந்தாள். பாவம், நம்பிக்கை விட்டுப்போய்த் தூங்கிவிட்டாள் என்று கப்சிப் நினைத்துக்கொண்டாள். மணி அடித்ததும் ரேடியோ நடுவிரலை ஊதிக்கொண்டே எழுந்தாள். நகத்தை ஒட்டிக் காய்த்துப்போயிருந்தது.

"என்னடி விரல்ல?"

"லீவுல அத்தை வீட்டுக்குப் போனேன்ல, அந்தப் புண்ணியம்."

திங்கட்கிழமை சார் மாடிக்குப் போகிறவர்களின் பெயரைப் படிக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் கப்சிப்பின் நெஞ்சு திக்கென்றது. படித்து முடியப்போகிறது. இன்னும் அவள் பெயர் வரவில்லை. பெஞ்சுக்கு அடியில் ரேடியோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசிப் பெயர் ரேடியோவுடையது.

ரேடியோ துள்ளி எழுந்தாள். அடுத்த நொடி அவள் முகம் மாறியது. "சார், இவ பேர விட்டுட்டீங்க சார்! இவதான் சார் எங்க பழைய ஸ்கூல்லயே கணக்குல..."

"நீ உக்காரும்மா. ஏன், அவளுக்கு வாய் இல்லையா? எதுவா இருந்தாலும் நாளைக்குக் காலையில அவளே வந்து எங்கிட்ட சொல்லட்டும்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. கப்சிப் எழுந்தாள். "ச... ச..." என்றாள். யாரோ பின்னாலிருந்து சிரித்தார்கள். மணி அடித்துவிட்டது.

படிக்கட்டுப் பக்கம் ரேடியோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "வேணும்னே தப்பாப் போட்டியா? அடிப் பாவி! இங்க பிரிச்சுப் போடுவாங்கன்னு இதே ஸ்கூல்ல படிக்கிற எங்க அண்ணன் லீவுலயே சொல்லிட்டான்டி. அத்தைகிட்ட தினம் கொட்டு வாங்கி வாங்கி, விரல் காய்க்க எழுதிக் கணக்குப் படிச்சேன்."

"எங்கிட்ட ஏண்டி சொல்லல?"

"ஃபெயிலாயிட்டா அசிங்கம்னுதான். என் ஆயுசுல நான் வாயை மூடிட்டு இருந்தது அது ஒண்ணுக்குத்தான்." ரேடியோவின் குரல் உடைந்தது. "உன்கூட மாடிக்கு வரணும்னுதான்டி படிச்சேன்."

அன்று மாலை கப்சிப் டைரியைத் திறந்தாள்.

திங்கள், ஜூன் 17. நாளைக்குச் செய்ய வேண்டியது: காலையில் சாரிடம் தனியாகப் போக வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும், யார் சிரித்தாலும், வாயால் சொல்லி முடிக்க வேண்டும்.

"சார், எனக்குக் கணக்கு வரும்."