மிளகு போட்ட சாக்லேட்

"இந்த வருஷமும் காரை விட்டு இறங்கலையா உன் புருஷன்?"

கதவைத் திறந்ததும் பல் டாக்டர் மகள் கேட்ட முதல் கேள்வி அது. அம்மா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அவருக்கு மூட்டு வலி. மூணு மாடி ஏறணுமே."

"லிஃப்ட் இருக்கு."

அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

பல் டாக்டர் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் மரத்தடியில் அந்தப் பழைய வெள்ளைக் கார். உள்ளே ஒரு செய்தித்தாள் விரிந்திருந்தது. அதற்குப் பின்னால்தான் அப்பா.

"கல்லுகூடக் கரையும்மா. இவர் கரைய மாட்டார்."

"நீதானே அவர் உன் வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னே?"

சொன்னாள்தான். மூன்று வருஷத்துக்கு முன், கணவனைப் பிரிந்து பெட்டியோடு பெற்றோர் வீட்டு வாசலில் போய் நின்றபோது, 'கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கலாமே' என்றார் அப்பா. அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவ்வளவு கோபம்.

"ஆத்திரத்துல ஆயிரம் சொல்வேன். பாசம் இருந்தா மீறி வரணும். அது இருந்தாத்தானே?"

பேச்சு என்னவோ இப்படி. ஆனால் ஒவ்வொரு வருஷக் கடைசி லீவிலும் அழைப்பு மணி அடித்தால், அம்மாவின் தோளுக்குப் பின்னால் இன்னொரு தலை தெரிகிறதா என்றுதான் அவள் கண் தேடும். தெரியாது. உடனே வீம்பு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

"சரி வா, வேலையைப் பார்ப்போம்."

வேலை என்பது சாக்லேட் உருண்டை. ஓவனில் வைக்காமல் செய்கிற வகை. பட்டை, கிராம்பு, சுக்கு, கடைசியில் நாக்கில் சுருக்கென்று கொஞ்சம் மிளகு. மூன்று வருஷமாக லீவுக்கு லீவு அம்மா ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்து தருவாள். ஊருக்கெல்லாம் இனிப்பைத் தொடாதே என்று உபதேசம் செய்யும் பல் டாக்டர், அந்த டப்பாவை மட்டும் துணி அலமாரியில் ஒளித்து வைத்துத் தின்பாள்.

இந்த முறை கிளினிக்கில் எல்லோருக்கும் கொடுக்க ஆசை. 'நீ செஞ்சு எடுத்துட்டு வராதே, இங்கேயே சேர்ந்து செய்வோம்' என்று போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"கிரீம் சூடாயிடுச்சும்மா. சாக்லேட்டை இதுல போடறதா, இல்ல இதை அதுல ஊத்தறதா?"

அம்மா விழித்தாள். "இரு, பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

திரும்பி வந்தவள், "சாக்லேட்டைப் பொடியா நறுக்கி வெச்சு, மேல கிரீமை ஊத்தணும். அஞ்சு நிமிஷம் கரண்டியே போடக் கூடாது" என்று மனப்பாடம் ஒப்பிப்பது போல் சொன்னாள்.

"பட்டைத்தூள் எவ்வளவு?"

"கண்ணளவுதான்."

"அந்தக் கண்ணளவு ஒரு ஸ்பூனா, ரெண்டு ஸ்பூனா?"

மறுபடியும் பாத்ரூம்.

மிளகுக்கு ஒரு தடவை. எத்தனை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும் என்பதற்கு ஒரு தடவை.

"அம்மா, நாளைக்கு முதல் வேலையா உனக்கு சுகர் டெஸ்ட்."

"எனக்கு ஒண்ணும் இல்லடி."

"ஒண்ணும் இல்லாமத்தான் ஒரு மணி நேரத்துல நாலு தடவையா? அதுவும் கையில போனோட?"

"வழுக்கிக் கிழுக்கி விழுந்தா உன்னைக் கூப்பிட வேணாமா?"

ஃப்ரிட்ஜில் கலவை இறுகுவதற்குள் பல் டாக்டர் மூன்று முறை பால்கனிக்குப் போய் வந்தாள். காற்று வாங்கவாம். செய்தித்தாள் இப்போது மடிந்து கிடந்தது. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். முடி நிறைய நரைத்துவிட்டது.

"ஏதாவது சாப்பிட்டாரா?"

"இறங்கிப் போய் நீயே கேளேன்."

"எனக்கென்ன வந்தது?"

கலவை இறுகிவிட்டது.

"நீ உருட்டும்மா, நான் கோகோ தூள்ல புரட்டறேன்."

"நீயே உருட்டிடேன்."

"எனக்குப் பழக்கமில்ல. உன்னுது மாதிரி கோலிக்குண்டாட்டம் வராது. உருட்டு."

அம்மா வேறு வழியில்லாமல் ஒரு ஸ்பூன் எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். உருண்டை வரவில்லை, சேறுதான் வந்தது. கையைக் கழுவிவிட்டு மறுபடி உருட்டினாள். மறுபடியும் சேறு. கிளினிக் கிளவுஸை மாட்டிவிட்டுப் பார்த்தாள் மகள். அதிலும் அதே கதை.

"என்னம்மா இது? மூணு வருஷமா அச்சுல வார்த்த மாதிரி பண்ணினே?"

"உன் வீடு ஒரே புழுக்கம்."

"ஜன்னல் அத்தனையும் திறந்திருக்கு."

அப்போது மேடைமேல் இருந்த அம்மாவின் போன் அடித்தது. 'வீட்டுக்காரர்' என்று ஒளிர்ந்தது. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சாக்லேட்டோடு அம்மா பதறினாள்.

"எடுக்காதே! அடிச்சு ஓயட்டும், விடு!"

சீக்கிரம் கிளம்பச் சொல்லித்தான் கூப்பிடுகிறார் என்று பல் டாக்டருக்கு ஆத்திரம். பெற்ற மகள் வீட்டில் அம்மா அரை நாள் இருக்கக்கூடப் பொறுக்கவில்லையா? அதை அவர் வாயாலேயே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு கேட்கிற குரல். கொஞ்சம் தளர்ந்திருந்தது.

"என்ன, உருட்டற நேரம் வந்துடுச்சா? நீ கை வைக்காதே, உன் கை சூடு, தொட்டாலே உருகிடும். இத்தனை வருஷம் செஞ்சது நான்தான்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாதே, அப்புறம் அவ தொடவே மாட்டா. நைசாப் பேசி அவளையே உருட்ட வை, அழகா வரும். அவளுக்கு என் கை."