வெள்ளைக்கார மருமகள்

மர்ஸூக் ஹாஜியார் ஒரு வெள்ளைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்ற கதை, பின்னேர அஸர் பாங்குக்கு முந்தியே கற்பிட்டி முழுக்கப் பரவிவிட்டது.

வேறு யாராவது என்றால் ஊர் சிரித்துவிட்டு மறந்திருக்கும். இவரோ, பள்ளிக்கூட விழாவில் பெரிய உத்தியோகத்துப் பெண்மணி ஒருவர் கை நீட்டியபோது, அந்நியப் பெண்ணைத் தொடக்கூடாதென்று தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்ற மனிதர்.

செய்தியைக் கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு மர்ளியா. ஹாஜியாரின் மகன் ஜௌபரின் மனைவி முஃப்லிஹா அப்போது கறி கிண்டிக்கொண்டிருந்தாள்.

கையைப் பிடித்தது ஒரு பக்கம் கிடக்கட்டும் என்றாள் மர்ளியா. சுற்றி நின்றவர்களிடம், இவ என்ட மருமகள் என்று ஹாஜியார் தன் வாயாலேயே சொன்னாராம்.

முஃப்லிஹாவின் அகப்பை சட்டியிலேயே நின்றது.

"அவ மருமகள் எண்டா, நீ ஆரு புள்ள?" என்றாள் மர்ளியா.

மருமகள் என்றால் மகனுடைய பெண்சாதி. இல்லாவிட்டால் சகோதரியின் மகள். மாமாவோ கூடப்பிறந்தவர்கள் இல்லாத ஒற்றைப் பிள்ளை. மகன் என்றும் ஜௌபர் ஒருவன்தான். அவன் வெள்ளைக்காரிகளைப் படகில் ஏற்றி டொல்பின் காட்டப் போகிறவன்.

அடுப்பை அணைத்தாள். முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு மாமா வீட்டுக்கு நடந்தாள்.

வாசலில், வெளிநாட்டுக்காரர்களை ஏற்றித் திரியும் ரிப்கானின் ஓட்டோ நின்றது. அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

உள்ளே கதிரையில் வெள்ளைக்காரி. தலை முழுக்க நரை. அறுபது வயதுக்குக் குறையாது. ஊர் நிறத்தைச் சொன்னதே தவிர வயதைச் சொல்லவில்லை.

பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் மாமா இன்னும் அந்தக் கையை விடவில்லை. இரண்டு பேருடைய கண்ணும் சிவந்திருந்தது.

பின்னால் வந்த ரிப்கான்தான் விவரம் சொன்னான். பெயர் ஹெலன். இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். தன் குடும்பக் கதையைத் தேடி வந்திருக்கிறார். அவருடைய அம்மா எடித், யுத்த காலத்தில் இங்கேதான் பிறந்தாராம். பெற்றவள் பிள்ளைப்பேற்றிலேயே போய்விட்டாள். பால்மா கிடைக்காத அந்த நாளில் பச்சைப் பிள்ளை எப்படிப் பிழைத்தது என்பதுதான் அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாதாம்.

"அதுக்கு நீங்க ஏன் மாமா மருமகள் எண்டு செல்லோணும்?" என்றாள் முஃப்லிஹா. "உங்களுக்குத்தான் கூடப்பிறந்த லாத்தா, தங்கச்சி ஒத்தரும் இல்லயே."

ஹாஜியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு முந்தி உம்மாக்கு ஒரு புள்ள பொறந்து, பொறந்த கையோட மௌத்தாப் போச்சு. மார்ல பால் கட்டிக் கிடந்தவ, தாயில்லாத அந்த வெள்ளக்காரப் புள்ளயத் தூக்கி வந்து, நடக்கப் பழகுமட்டும் பால் குடுத்தா. மார்க்கத்துல பால் குடுத்தவளும் உம்மாதான். நான் பிடிச்சிரிக்கிறது என்ட லாத்தாட மகள்ட கைய."