அலுமினியத் தாளுக்கு அந்தப் பக்கம்

"இதுவும் வேணாம்" என்றார் அப்பா. என் போனைப் பார்க்காமலேயே.

மூன்றாவது பெட்டி அது. ஒரு வாரமாக நான் வைஃபை பெட்டிகளைத் தவிர வேறு எதையுமே படிக்கவில்லை, தெரியுமா?

முதலாவது மலிவு. "விலையைப் பார்த்தாலே தெரியுது, கிறிஸ்துமஸ் தாண்டாது" என்றார். இரண்டாவதுக்கு மாசாமாசம் சந்தா. நான் சொல்லி முடிப்பதற்குள் காபி ஊற்ற எழுந்துவிட்டார். இது ஒரு ஜோடி. ஒன்றை ஹாலில் வைத்தால், இன்னொன்று அதோடு காற்றிலேயே பேசி என் அறைவரை நெட்டைக் கொண்டுவந்துவிடுமாம்.

"உன் ரூமுக்கா? நடுவுல சவுனா இருக்கே. காத்துல என்ன வரும் சைமி, கொசுதான் வரும்."

அதுதான் சிக்கலே.

பின்லாந்தின் கயானியில் இந்த வீட்டை அப்பாதான் கட்டினார். நட்டநடுவே ஆவிக்குளியலுக்குச் சவுனா அறை. சூடு வெளியே போகாமலிருக்க, பலகைக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டுவது எல்லோரும் செய்வது. ஒரு சுற்று போதும். அப்பா இரண்டு சுற்று சுற்றினார். அன்றிலிருந்து உள்ளே ஓர் ஆணி அடிக்க யாரையும் விட்டதில்லை. துண்டு மாட்டக்கூட.

சூடு வெளியே போகவில்லை. சிக்னலும் தாண்டி வரவில்லை. அந்தப் பக்கம்தான் என் அறை.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை நான் பதில் சொல்ல வேண்டும். நெட் அறுபடாமல் இருந்தால் இங்கேயே உட்கார்ந்து செய்யலாம். இல்லாவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு கம்பெனி இருக்கும் தம்பெரே நகரத்துக்குப் போக வேண்டியதுதான்.

"நான் என்ன செய்யட்டும்ப்பா?" என்று கேட்டும் பார்த்தேன்.

"உன் இஷ்டம்."

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். 'இரு' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் பின்லாந்து அப்பாக்களிடம் கிட்னியைக் கேளுங்கள், கழற்றிக் கொடுப்பார்கள். அந்த மாதிரி வார்த்தையைக் கேட்டால் விறகு வெட்டக் கிளம்பிவிடுவார்கள்.

கடைசியாக இருந்ததையும் காட்டினேன். சின்னத் தட்டு மாதிரி, அறைக்குள்ளேயே வைஃபை தரும் ஓர் ஆக்சஸ் பாயின்ட். சுவரில் ஒட்டி வைக்கலாம். மின்சாரமும் அதே கேபிளில் வந்துவிடும். எண்பது யூரோ. வாங்கியவர்கள் யாரும் திட்டி எழுதவில்லை.

"ஆனா இதுக்கு கேபிள் இழுக்கணும்ப்பா. உங்க சவுனாவைக் கிழிக்கணும்."

"அதையே வாங்கு" என்றார். "சவுனா சூடாயிடுச்சு, நீ முதல்ல போய்க் குளி."

சவுனாவைக் கிழிக்காமல் கேபிள் எப்படி வரும்? கிளம்பு என்பதைத்தான் இப்படிச் சொல்கிறாரோ என்று தோன்றியது. சவுனாவில் அழுவதில் ஒரு வசதி உண்டு. வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

தலை குனிந்தபோதுதான் பார்த்தேன்.

தரையை ஒட்டி ஒரு பலகை மட்டும் வெளுப்பாக இருந்தது. மற்றதெல்லாம் வருஷக்கணக்கான சூட்டில் பழுப்பேறியவை. இது புதுசு.

துண்டைச் சுற்றிக்கொண்டு என் அறைக்கு ஓடினேன். கட்டிலை இழுத்தேன்.

சுவரிலிருந்து ஒரு நீலக் கேபிள் வெளியே வந்து, அழகாகச் சுருண்டு கிடந்தது.

நேர்காணலுக்கு நான் தம்பெரே போயிருந்தபோது செய்திருக்கிறார், திருட்டு மனுஷன்!

சுருளைப் பிரித்தேன். பிரித்தேன், பிரித்துக்கொண்டே இருந்தேன். ஒரு முழம் போதும் அந்த வேலைக்கு. அப்பாவோ, என் அறையையே இரண்டு சுற்று சுற்றும் அளவுக்கு விட்டிருந்தார். என்றைக்காவது மேசையை வேறு மூலைக்கு மாற்றினாலும் எட்டும்.

"அப்பா! தாளை வெட்டுனீங்களா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "கதவைத் திறந்து போட்டுட்டு எங்கடி போன? சூடெல்லாம் போகுது பாரு!"

திங்கட்கிழமையோடு போகிறவளுக்கு யாராவது இவ்வளவு கேபிள் மிச்சம் விடுவார்களா? நீங்களே சொல்லுங்கள், அவர் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார்தானே?